பேப்பர் கிழிசலே சொல்லிவிடும்! காம்பவுண்ட் வில்லை 'டியூன்' செய்வது எப்படி?

150-க்கு 150! 2023 ஆகஸ்ட்டில் பெர்லினில் நடந்த உலக வில்வித்தை சாம்பியன்ஷிப்பில், காம்பவுண்ட் பிரிவு இறுதிப் போட்டியில் இந்தியாவின் ஓஜஸ் தியோதலே எடுத்த ஸ்கோர் இது. எதிர்த்து ஆடிய போலந்து வீரர் எடுத்தது 149. ஒரே புள்ளியில் தங்கம் கைமாறும் இந்த ஆட்டத்தில் வீரரின் கை மட்டும் சரியாக இருந்தால் போதாது, வில்லும் சரியாக 'டியூன்' ஆகியிருக்க வேண்டும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதல்முறையாக இடம்பெறுகிறது.

சாதாரண வில்லுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

காம்பவுண்ட் வில்லின் இரு முனைகளிலும் 'கேம்' எனப்படும் சக்கரங்கள் உண்டு. நாணை முழுவதுமாக இழுத்ததும் கையில் தெரியும் பாரத்தை இவை பெருமளவு குறைத்துவிடும். 60 பவுண்ட் வில்லில் 80 சதவீதம் பாரம் குறைந்தால், கை தாங்குவது வெறும் 12 பவுண்ட்தான். அதனால் நிதானமாகக் குறிபார்க்கலாம். ஆனால் பாகங்கள் அதிகம் என்பதால், எங்கே பிசகினாலும் அம்பு விலகும். 50 மீட்டர் தூரத்தில் இருக்கும் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 8 செ.மீ. மட்டுமே!

முதலில் எதைப் பார்க்கணும்?

* இழுக்கும் நீளம் வீரரின் உடல்வாகுக்குப் பொருந்த வேண்டும்.
* அம்பின் விறைப்பு, வில்லின் பாரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.
* இரண்டு கேம்களும் ஒரே நேரத்தில் முழுச் சுற்றை முடிக்க வேண்டும். நாள்பட நாண் நீண்டால் இந்த ஒத்திசைவு கெடும்.
* பாரத்தை மாற்றினால், மேல், கீழ் போல்ட்டுகளை ஒரே அளவு திருக வேண்டும்.

பேப்பர் டெஸ்ட் என்றால் என்ன?

ஒரு சட்டத்தில் பேப்பரை விறைப்பாகக் கட்டி, சுமார் 2 மீட்டர் தூரத்தில் நின்று அதன் வழியாக அம்பு எய்ய வேண்டும். பின்னால் அம்பைத் தாங்கும் தடுப்பு அவசியம். ஒரு வட்டத் துளையும், அதைச் சுற்றி இறகுகளின் கீறலும் மட்டும் விழுந்தால் அம்பு நேராகப் போகிறது என்று அர்த்தம்.

துளைக்கு மேலே இறகுக் கீறல் விழுந்தால், அம்பின் வால் தூக்கியபடி போகிறது. அம்பு உட்காரும் 'ரெஸ்ட்'டைச் சற்று உயர்த்தலாம், அல்லது நாணில் அம்பு பொருத்தும் இடத்தைச் சற்று இறக்கலாம். கீறல் கீழே விழுந்தால் இதற்கு நேரெதிர்.

பக்கவாட்டில் கிழிந்தால்? உடனே ரெஸ்ட்டை நகர்த்திவிடக் கூடாது. வில்லைப் பிடிக்கும் கை திருகினாலும் இதே கிழிசல்தான் வரும். அதனால் முதலில் பிடியைச் சரிபார்த்து, நாலைந்து அம்புகள் எய்து பார்க்க வேண்டும். ஒரு அம்பில் மட்டும் கிழிசல் வந்தால் கோளாறு அந்த அம்பில்தான். எல்லாவற்றிலும் வந்தால் மட்டும் ரெஸ்ட்டை மிகச் சிறிதளவு நகர்த்தணும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே, ஒவ்வொன்றையும் குறித்து வைப்பது நல்லது.

குறிபார்க்கும் 'சைட்' கடைசியில்தான்!

பலரும் செய்யும் தவறு, முதலிலேயே சைட்டைத் திருகுவது. வில் சரியான பிறகே அதைத் தொட வேண்டும். அம்புகள் இடப்பக்கம் குவிந்தால் சைட்டையும் இடப்பக்கமே நகர்த்தணும்.

இதில் கவனம் தேவை!

அம்பு பொருத்தாமல் நாணை இழுத்து விடவே கூடாது. வில் உடைந்து காயம் ஏற்படலாம். நாண், கேபிள் மாற்றுவதற்கு 'போ பிரஸ்' கருவி வேண்டும் என்பதால், அந்த வேலையை அனுபவமுள்ளவர்களிடம் விடுவதே பாதுகாப்பு.