ரவுட்டரில் டிஎம்இசட் மண்டலம்

வெளியுலகம் அணுக வேண்டிய சர்வர்களை உள்ளே இருக்கும் கணினிகளோடு கலக்காமல் தனியே வைப்பதற்காக ரவுட்டரில் அமைக்கப்படும் பிணையப் பகுதி டிஎம்இசட். இணையதளம், மின்னஞ்சல், விளையாட்டு சர்வர் போன்றவை இதில் இடம்பெறும். இணையம், உள் பிணையம், டிஎம்இசட் என ஒரே ரவுட்டரிலிருந்து மூன்று கிளைகள் பிரிவது வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் போதுமானது. பெரிய நிறுவனங்கள் இரண்டு ஃபயர்வால்களுக்கு நடுவே இந்தப் பகுதியை வைப்பதுண்டு.

இந்த எண்ணத்தின் தொடக்க வடிவங்களில் ஒன்றை, ஏடி அண்டு டி பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் செஸ்விக் 1990இல் எழுதிய கட்டுரையில் காணலாம். இணையத்தைத் தொடும் கணினி ஒன்று, உள் பிணையத்தைத் தொடும் கணினி இன்னொன்று. உள்ளே இருப்பது வெளியே இருப்பதை நம்பாது. அப்படி நம்பாமல் இருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. வெளியே திறந்திருக்கும் எந்த மென்பொருளிலும் என்றாவது ஓட்டை வெளிப்படும். அந்த வழியாக ஒருவர் சர்வரைக் கைப்பற்றிவிட்டால், அதே பிணையத்தில் இருக்கும் கணக்குக் கணினியும் கோப்புச் சேமிப்பகமும் அவருக்கு எட்டும் தூரத்தில் வந்துவிடும். ஒரே பிணையத்துக்குள் நடக்கும் போக்குவரத்து பெரும்பாலும் சுவிட்சோடு முடிந்துவிடுவதால், ரவுட்டரில் உள்ள ஃபயர்வால் அதைப் பார்ப்பதுகூட இல்லை.

எனவே டிஎம்இசட்டுக்கு உயிராக இருப்பது ஒரு தடை: அங்கிருந்து உள் பிணையத்தை நோக்கிப் புதிய இணைப்பு எதுவும் தொடங்கக் கூடாது. இணையத்திலிருந்து டிஎம்இசட்டுக்குத் தேவையான போர்ட் எண்கள் மட்டும் திறந்திருக்கும். இணையதளம் என்றால் 80, 443. உள் பிணையத்திலிருந்து டிஎம்இசட்டுக்குப் போகலாம்.

வீட்டு ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் ‘டிஎம்இசட்’ என்றே ஒரு வசதி இருக்கும். பெயர் ஒன்றானாலும் அது செய்வது வேறு. வேறெங்கும் அனுப்பச் சொல்லப்படாமல் வெளியிலிருந்து வரும் எல்லா இணைப்புகளையும் அது ஒரே கணினிக்குத் திருப்பிவிடும். அந்தக் கணினியோ உள் பிணையத்திலேயே இருக்கும். பிரிக்க வேண்டியதைப் பிரிக்காமல், மூட வேண்டியதையெல்லாம் திறந்துவிடுகிறது. கடைக் கேமராவைக் கைப்பேசியில் பார்ப்பதற்காகப் பதிவுக் கருவியின் முகவரியை இங்கே எழுதிவைப்பது மிக ஆபத்தான வழக்கம். 2016இல் பரவிய மிராய் தீநிரல், டெல்நெட் போர்ட்டான 23 திறந்திருந்த கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் தேடி, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களைக் கொண்டே உள்ளே நுழைந்தது. இணையதளங்களுக்குப் பெயர்த் தேடல் (டிஎன்எஸ்) சேவை தந்த டைன் நிறுவனத்தின் மீது அந்த ஆண்டு அக்டோபரில் நடந்த தாக்குதலில் அத்தகைய கருவிகள் பயன்பட்டன. பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை.

உண்மையான மண்டலத்தை அமைக்க, பிணையங்களைப் பிரிக்கத் தெரிந்த ரவுட்டர் வேண்டும். லினக்ஸ் அடிப்படையிலான ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற இயங்குதளம் இதற்கு ஏற்றது. அதில் முதலில் ரவுட்டரின் பின்புறத்து லேன் துளைகளில் ஒன்றை, அவற்றை ஒன்றாக இணைக்கும் உள் பிணையத்தின் பிரிட்ஜிலிருந்து விலக்க வேண்டும். பிறகு அந்தத் துளைக்குப் புதிய இடைமுகம் ஒன்றை உருவாக்கி வேறு முகவரி வரிசை தர வேண்டும். உள் பிணையம் 192.168.1 வரிசையில் இருந்தால் இதற்கு 192.168.2 வரிசை பொருந்தும். துளைகள் போதவில்லை என்றால் விலேன் மூலம் ஒரே கேபிளில் இரண்டு பிணையங்களையும் கொண்டுசெல்லலாம். அப்போது மறுமுனையில் இருக்கும் சுவிட்சும் விலேன் அறிந்ததாக இருக்க வேண்டும்.

அடுத்தது ஃபயர்வால் மண்டலம். புதிய மண்டலத்தில் ‘இன்புட்’ (ரவுட்டருக்கே வரும் போக்குவரத்து), ‘ஃபார்வர்டு’ இரண்டையும் மறுப்பாகவும் ‘அவுட்புட்’டை அனுமதியாகவும் வைக்க வேண்டும். லேன் (உள் பிணைய) மண்டலத்திலிருந்து இதற்கும், இதிலிருந்து இணையத்துக்கும் வழி தரலாம். இன்புட்டை மறுத்ததும் சர்வருக்கு முகவரி கிடைக்காமல், பெயர்த் தேடலும் நின்றுபோய்ப் பலர் குழம்புவதுண்டு. ரவுட்டரின் டிஎச்சிபி, டிஎன்எஸ் சேவைகளுக்கான 67, 53 ஆகிய போர்ட்களை மட்டும் தனி விதிகளால் அனுமதித்தால் அது தீரும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் டிஎம்இசட்டிலிருந்து திறக்கவே கூடாது.

இன்னொரு குழப்பம் பதில்களைப் பற்றியது. உள்ளிருந்து சர்வரை அழைத்தால் பதில் திரும்பி வருவதற்காக டிஎம்இசட்டிலிருந்து லேனுக்கும் வழி திறக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. 2001இல் வந்த லினக்ஸ் 2.4 கெர்னல் முதலே அதன் ஃபயர்வால், எந்த இணைப்பை யார் தொடங்கினார் என்பதை நினைவில் வைத்துப் பதில்களைத் தானே விடும். அந்த வழியைத் திறந்தால் மண்டலம் அமைத்த பயனே போய்விடும்.

ஐபிவி6இல் முகவரி மாற்றம் வழக்கமில்லை. சர்வருக்கே பொது முகவரி கிடைக்கும். ஆகவே, ஐபிவி4இல் வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சர்வருக்கு அனுப்பும் போர்ட் திருப்புதலுக்குப் பதிலாக, அந்த முகவரிக்கும் போர்ட்டுக்கும் மட்டும் அனுமதி தரும் விதி வேண்டும். சேவை நிறுவனம் 56 பிட் முன்னொட்டு தந்தால் 256 பிணையங்களாகப் பிரிக்கலாம். 64 பிட் ஒன்றே தந்தால் டிஎம்இசட்டுக்கென வழக்கமான முறையில் தனியே ஒதுக்க இடமிருக்காது.

அமைத்து முடித்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் சோதிக்க வேண்டும். கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் தளம் திறக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. சர்வரில் உட்கார்ந்து உள் கணினிகளையும் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தையும் தொட முயல்வது மற்றொன்று. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சர்வரிலிருந்து செய்யும் இந்த முயற்சிகள் எல்லாம் தோற்க வேண்டும்.

ஒரே டிஎம்இசட்டில் பல சர்வர்கள் இருந்தால் அவை ஒன்றையொன்று தடையின்றி அணுகும். முக்கியமானவற்றுக்குத் தனித்தனி விலேன் தருவது நல்லது. காப்புப் பிரதி எடுப்பதிலும் கவனம் வேண்டும். சர்வர் தன் பிரதியை உள் சேமிப்பகத்துக்கு அனுப்பும்படி வைத்தால் அதற்காக ஒரு வழி திறக்க நேரும். உள்ளே இருக்கும் கணினியே குறித்த நேரத்தில் சர்வரை அணுகிப் பிரதியை எடுத்துக்கொள்ளும்படி அமைத்தால் அந்த விதிவிலக்கு தேவைப்படாது.