ஸ்லாட் யாருக்குச் சொந்தம்?

வீட்டில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இருக்கிறதா? ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஒருமுறை உள்ளே பாருங்கள். தூசு இருக்கும். ஒட்டடை இருந்தாலும் ஆச்சரியமில்லை. அதற்கெல்லாம் பின்னால், பெட்டியின் சுவரோடு சுவராக ஒரு பெரிய பலகை. மதர்போர்டு.

அந்தப் பலகை ஒரு தைவான் கம்பெனியுடையதாக இருக்கலாம். மேலே உட்கார்ந்திருக்கும் ப்ராசஸர் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் சரக்கு. மெமரி கொரியாவில் பிறந்திருக்கும். ஹார்ட் டிஸ்க் தாய்லாந்திலிருந்து கப்பலேறியிருக்கும். இவற்றைச் செய்தவர்கள் யாரும் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. ஆனாலும் ஒன்றோடு ஒன்று கச்சிதமாகப் பொருந்துகின்றன. சொருகினால் வேலை செய்கின்றன.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? உங்கள் வீட்டு மிக்ஸியின் ஜாரை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டு வேறு கம்பெனி மிக்ஸியில் மாட்டிப் பாருங்கள். புரிந்துவிடும்.

கம்ப்யூட்டரும் மிக்ஸி மாதிரியே ஆகியிருக்க வேண்டியதுதான். ஆகவிடாமல் தடுத்தது ஒரு சண்டை. ஒரு ராட்சசக் கம்பெனி, அவசரத்தில் ஒரு கதவைத் திறந்துவைத்தது. ஆறு வருடம் கழித்து அதை மூடப் பார்த்தது. முடியவில்லை. அந்தக் கதைதான் இது.

*

முதலில் ஒரு சின்ன முன்கதை. 1975 ஜனவரி. 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' என்கிற அமெரிக்கப் பத்திரிகையின் அட்டையில் ஒரு பெட்டி வந்தது. பெயர் ஆல்டேர் 8800. ஏறத்தாழ 400 டாலர். காசு கட்டினால் கம்ப்யூட்டர் வராது, கம்ப்யூட்டரின் உதிரிகள் வரும். நீங்களே சால்டரிங் வைத்துக் கோத்துக்கொள்ள வேண்டும். கீபோர்டு கிடையாது, மானிட்டர் கிடையாது. ஆனால் உள்ளே, 100 பின் கொண்ட ஸ்லாட்டுகளுக்கு இடம் இருந்தது. மெமரி வேண்டுமா, ஒரு கார்டு சொருகு. டெலிடைப் மாட்ட வேண்டுமா, இன்னொரு கார்டு.

கொஞ்ச நாளிலேயே ஆல்டேருக்குச் சம்பந்தமே இல்லாத ஆள்கள், வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து அந்த ஸ்லாட்டுக்குக் கார்டு செய்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

1977-ல் வந்த ஆப்பிள் 2-விலும் இதே சமாசாரம். ஸ்டீவ் வாஸ்னியாக் அதில் எட்டு ஸ்லாட் வைக்க வேண்டும் என்றார். ஸ்டீவ் ஜாப்ஸோ, பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று, இரண்டு போதாதா என்று கேட்டார். வாஸ்னியாக் மசியவில்லை. எட்டுதான் வந்தது. (1984-ல் ஜாப்ஸ் பொறுப்பில் மேக்கின்டாஷ் வெளியானபோது அதில் எத்தனை ஸ்லாட் தெரியுமா? பூஜ்யம்!)

ஆக, ஸ்லாட் எத்தனை என்பது வெறும் இன்ஜினியர் கணக்கில்லை. வாங்கிப்போனவன் பெட்டியைத் திறந்து கைவைக்கலாமா, கூடாதா என்கிற கேள்வி அது.

*

இப்போது ராட்சசனுக்கு வருவோம். ஐபிஎம்.

1980-ல் கம்ப்யூட்டர் என்றாலே ஐபிஎம்தான். ஒரு ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கும் மெயின்ஃப்ரேம்கள். முடிந்தவரை எல்லாவற்றையும் சொந்தமாகத் தயாரிப்பது அவர்கள் பழக்கம். கெட்டுப்போனாலும் அவர்களுடைய ஆள்தான் வர வேண்டும். ஆனால் மேஜைமேல் வைக்கிற சின்னக் கம்ப்யூட்டர் சந்தையில் மட்டும் அவர்களைக் காணோம். ஆப்பிளும் மற்றவர்களும் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பில் லோ என்கிற ஐபிஎம் அதிகாரி, ஒரே வருடத்தில் அப்படியொரு மெஷினைச் செய்துகாட்டுகிறேன் என்று மேலிடத்தில் வாக்குக் கொடுத்தார். ஐபிஎம்மில் ஒரு வருடம் என்பது கூட்டம் போடவே காணாது. ஃப்ளோரிடா மாநிலத்தில் போகா ரேட்டன் என்ற ஊரில் ஒரு சின்ன அணி உட்கார்ந்தது. சீக்கிரமே டான் எஸ்ட்ரிட்ஜ் என்பவர் தலைமைக்கு வந்தார்.

ஒரு வருடத்தில் எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய முடியுமா? முடியாது. கடைக்குப் போய் வாங்கினார்கள். ப்ராசஸர் இன்டெலிடமிருந்து. டாஸ், மைக்ரோசாஃப்டிடமிருந்து. பிரிண்டர் எப்சனிடமிருந்து.

1981 ஆகஸ்ட் 12. ஐபிஎம் பிசி வெளியானது. ஆரம்ப விலை 1,565 டாலர். மெமரி 16 கேபி. மெகாபைட் இல்லை, கிலோபைட்!

மதர்போர்டில் நேரடியாக மாட்ட முடிந்தது இரண்டே இரண்டு. கீபோர்டும், தகவல் சேமிக்க ஒரு கேசட் பிளேயரும். திரையில் எழுத்து தெரிய வேண்டுமா, அதற்கொரு கார்டு. ஃப்ளாப்பிக்கு ஒரு கார்டு. கூடுதல் மெமரிக்கு ஒன்று. ஸ்லாட் மொத்தமே ஐந்து. ஒவ்வொன்றிலும் 62 தொடர்புகள்.

இங்கேதான் ஐபிஎம் தன் சரித்திரத்திலேயே இல்லாத ஒரு காரியம் செய்தது. மதர்போர்டின் சர்க்யூட் படங்கள், ஸ்லாட்டின் எந்தக் காலில் என்ன சிக்னல் வரும் என்கிற விவரம், எல்லாவற்றையும் 'டெக்னிகல் ரெஃபரன்ஸ்' என்று புத்தகமாகவே போட்டு விற்றது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கி, அந்த ஸ்லாட்டுக்குக் கார்டு செய்யலாம்.

தர்மம் இல்லை, வியாபாரம். நிறைய கார்டு வந்தால் நிறைய பிசி விற்கும் அல்லவா? கணக்கு தப்பவில்லை. ஐந்து ஸ்லாட் போதாமல் ஜனங்கள் தவிக்கிறார்கள் என்று பார்த்த ஏஎஸ்டி என்கிற கலிஃபோர்னியக் கம்பெனி, மெமரி, கடிகாரம், பிரிண்டர் இணைப்பு எல்லாவற்றையும் ஒரே கார்டில் திணித்து விற்றது. ஏஎஸ்டியும் வளர்ந்தது, ஐபிஎம்மும் வளர்ந்தது. இந்த ஏஎஸ்டி என்ற பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

கதவு அகலத் திறந்திருந்தாலும் ஐபிஎம்மிடம் ஒரு பூட்டு இருந்தது. பயாஸ். மெஷினை ஆன் செய்ததும் முதலில் கண்விழித்து, யார் யார் வந்திருக்கிறீர்கள் என்று எல்லா பாகங்களையும் விசாரிக்கிற அடிப்படை புரோகிராம். அதையும் வரிக்கு வரி அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். ஆனால் காப்பிரைட். பார்க்கலாம், காப்பியடிக்க முடியாது.

1982-ல் மூன்று பேர் டெக்சாஸில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். காம்பேக். அவர்கள் பிடித்த வழி ரொம்ப எளிமையானது. ஒரு குழு ஐபிஎம்மின் பயாஸைப் படித்து, அது என்னென்ன வேலை செய்கிறது என்று மட்டும் எழுதித் தந்தது. அந்த பயாஸைக் கண்ணாலும் பார்த்திராத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக புரோகிராம் எழுதியது. வேலை அதே. வரிகள் வேறு. சட்டம் ஒன்றும் செய்ய முடியாது. 1983-ல், விற்பனை ஆரம்பித்த முதல் வருடத்திலேயே, காம்பேக் 11 கோடி டாலருக்கு மேல் வியாபாரம் செய்தது.

அடுத்த வருடம் ஃபீனிக்ஸ் என்கிற கம்பெனி இதே மாதிரி ஒரு பயாஸைத் தயாரித்து, யார் கேட்டாலும் விற்க ஆரம்பித்தது. அவ்வளவுதான். பூட்டு போயே போய்விட்டது. ஐபிஎம்முக்குச் செய்த கார்டு ஊர் பேர் தெரியாத கம்பெனியின் மெஷினிலும் வேலை செய்தது.

1984-ல் ஐபிஎம் தன் ஏடி மாடலைக் கொண்டுவந்தபோது, பழைய 62 கால் ஸ்லாட்டுக்குப் பின்னால் இன்னொரு 36 கால் துண்டை ஒட்டவைத்தது. பழைய கார்டு முன்பாதியில் உட்காரும். புதிய கார்டு இரண்டிலும் உட்காரும். வாங்கினவன் காசு வீண்போகாது. நல்ல மனசு!

அந்த நல்ல மனசு மூன்று வருடம்தான் நீடித்தது.

*

1987 ஏப்ரல் 2. ஐபிஎம் தன் புதிய வரிசையை அறிவித்தது. பெயர் பிஎஸ்/2. மேல் மாடல்களின் உள்ளே முற்றிலும் புதிய ஸ்லாட். மைக்ரோ சேனல்.

நியாயமாகச் சொன்னால், அது நல்ல ஸ்லாட். பழையது புதிய ப்ராசஸர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. மைக்ரோ சேனல் வேகமானது. கார்டைச் சொருகிவிட்டுக் கூடவே வரும் ஃப்ளாப்பியைப் போட்டால், அமைப்புகளை அதுவே செய்துகொள்ளும்.

ஆனால் இரண்டு சிக்கல். முதலாவது, உங்களிடமிருந்த பழைய கார்டு எதுவும் அதில் நுழையாது. குப்பையில் போட வேண்டியதுதான். இரண்டாவது, மற்ற கம்பெனிகள் அந்த ஸ்லாட்டை வைக்க வேண்டுமென்றால் ஐபிஎம்மிடம் லைசென்ஸ் வாங்கி, விற்பனையில் 5 சதவிகிதம் வரை கப்பம் கட்ட வேண்டும். போதாக்குறைக்கு, பழைய ரக மெஷின்களை இத்தனை காலம் விற்றதற்கும் பாக்கி கேட்டார்கள்.

திறந்த வீட்டுக்குள் வந்து ஆறு வருடமாகக் குடியிருப்பவர்களிடம், முதல் நாளிலிருந்து வாடகை எடு என்றால் எப்படி?

1988 செப்டம்பர் 13. காம்பேக் தலைமையில் ஒன்பது கம்பெனிகள் நியூயார்க்கில் ஒன்றாக மேடையேறின. ஹெச்பி, எப்சன், என்இசி, ஒலிவெட்டி, டேண்டி, வைஸ், ஜெனித், அப்புறம் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த ஏஎஸ்டி. சந்தையில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தவர்கள். பத்திரிகைகள் 'ஒன்பது பேர் கும்பல்' என்று பெயர் வைத்தன.

அவர்கள் அறிவித்த ஸ்லாட்டின் பெயர் ஈஐஎஸ்ஏ. அதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. உள்ளே இரண்டு அடுக்கு. பழைய கார்டைச் சொருகினால் மேல் அடுக்கோடு நின்றுவிடும். புதிய கார்டு அடியாழம்வரை இறங்கும். ஒரே ஸ்லாட்டில் நேற்றும் நாளையும்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஏடி மெஷினில் இருந்த ஐபிஎம்மின் பழைய ஸ்லாட்டுக்கு இந்தக் கூட்டணி புதுப் பெயர் சூட்டியது. ஐஎஸ்ஏ. விரித்தால், 'தொழில்துறையின் பொது அமைப்பு' என்கிற மாதிரி அர்த்தம் வரும். பெற்றவர் பெயரே இல்லாத பிள்ளை!

யார் ஜெயித்தார்கள்? ஈஐஎஸ்ஏ ஜெயித்தது என்று சொல்ல முடியாது. விலை அதிகம், பெரும்பாலும் சர்வர்களோடு நின்றுபோனது. மைக்ரோ சேனல் 90-களின் நடுவில் மெல்லக் கண்ணை மூடியது. ஜெயித்தது அந்தப் பழைய, மெதுவான, யாருக்கும் சொந்தமில்லாத ஐஎஸ்ஏ. அதாவது ஜனங்கள்.

பிஎஸ்/2-வின் ஞாபகார்த்தமாக நெடுங்காலம் மிஞ்சியது கீபோர்டு, மவுஸ் மாட்டும் அந்த வட்டத் துளைகளும், மானிட்டர் மாட்டும் விஜிஏவும்தான்.

*

சுதந்திரம் கிடைத்துவிட்டது. கூடவே தலைவலியும் வந்தது. பொதுச் சொத்துக்கு மேஸ்திரி கிடையாதே!

சவுண்டு கார்டு ஒன்று வாங்கி மாட்டினால், அதுவும் பிரிண்டர் இணைப்பும் ஒரே எண்ணுக்கு அடித்துக்கொள்ளும். கார்டிலிருக்கும் 'ஜம்பர்' என்கிற குண்டூசித் தலை அளவு சமாசாரத்தைப் பிடுங்கி இடம் மாற்றி மாட்ட வேண்டும்.

அதைவிட ஆபத்து மின்சார இணைப்பு. பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு ஒரே மாதிரியான இரண்டு கனெக்டர்கள் வரும். பக்கத்துப் பக்கத்தில் சொருக வேண்டும். இடம்மாற்றிச் சொருகி ஸ்விட்சைப் போட்டால், போர்டுக்கு அன்றோடு ஆயுசு முடிந்தது. அசெம்பிள் செய்பவர்களுக்கு அப்போது ஒரு மந்திரம் உண்டு: கருப்போடு கருப்பு சேர வேண்டும். இரண்டிலும் உள்ள கருப்பு ஒயர்கள் நடுவில் ஒட்டி நின்றால் சரி.

மேஸ்திரி வேலையைக் கையிலெடுத்தது இன்டெல். 1992-ல் பிசிஐ ஸ்லாட். 1995-ல் ஏடிஎக்ஸ் என்ற மதர்போர்டு அளவுத் திட்டம். திருகாணி எங்கே, துளை எங்கே, எல்லாவற்றுக்கும் கணக்கு. மின்சாரத்துக்கு 20 பின் கொண்ட ஒரே கனெக்டர், திருப்பிச் சொருகவே முடியாத வடிவத்தில். 1996-ல் யுஎஸ்பி. அதை உருவாக்கிய இன்டெல் குழுவின் முக்கியஸ்தர் பரோடாவில் படித்த அஜய் பட். யுஎஸ்பி வகுத்த ஏழு கம்பெனிகளில் ஒன்றின் பெயர் ஐபிஎம்! பாடம் படித்துவிட்டிருந்தார்கள்.

இன்டெலுக்கும் தர்மசிந்தனை ஒன்றுமில்லை. பிசி விற்றால் ப்ராசஸர் விற்கும். ஆனால் கப்பம் கேட்கவில்லை. அது போதுமானதாக இருந்தது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் போர்டு, எதிர்க்கடையில் ராம், மாடியில் கேபினட் என்று வாங்கி, ஒரு பையன் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் 'அசெம்பிள்ட் சிஸ்டம்' கோத்துத் தந்தானே, பிராண்டட் மெஷின் வாங்க வசதியில்லாத எத்தனையோ வீடுகளுக்கு அப்படித்தானே கம்ப்யூட்டர் வந்தது? அந்தப் பையனின் பிழைப்புக்கும் 1988-ல் அந்த ஒன்பது பேர் ஏறிய மேடைக்கும் நேரடி சம்பந்தம் இருக்கிறது.

ஐபிஎம்? 2005-ல் தன் பிசி தொழிலையே சீனாவின் லெனோவாவுக்கு விற்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

கதை முடிந்துவிடவில்லை. 2012-ல் வந்த ரெடினா மேக்புக் ப்ரோவில் மெமரியைக் கழற்றவே முடியாது. போர்டோடு வைத்து சால்டர் செய்திருந்தார்கள். அப்புறம் எத்தனையோ கம்பெனிகளின் மெல்லிய லேப்டாப்கள் அதே வழிக்குப் போய்விட்டன. மெலிதாக இருக்கிறது, வேகமாக இருக்கிறது என்று காரணம் சொல்வார்கள். பொய்யில்லை. மைக்ரோ சேனலும் வேகமாகத்தான் இருந்தது.

அடுத்தமுறை கம்ப்யூட்டர் வாங்கப் போகும்போது, எத்தனை ஜிபி என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மெமரி ஸ்லாட்டில் இருக்கிறதா, ஒட்டியே வைத்துவிட்டார்களா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் வாங்குவது உங்களுக்கு எவ்வளவு தூரம் சொந்தம் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.