வைஃபை ஃபுல் சிக்னல் காட்டுது, ஆனா நெட் வரலையா? ரீசெட் பட்டனைத் தொடும் முன் இதைப் பாருங்க!

போனில் வைஃபை கோடுகள் முழுசா இருக்கு. ஆனால், வாட்ஸ்அப் மெசேஜ்கூட போகவில்லை. உடனே பலரும் செய்வது, ரவுட்டரின் பின்னாடி இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு ரீசெட் அழுத்துவதுதான். சின்ன பிரச்னை பெரிதாவது பெரும்பாலும் அங்கேதான்.

நகரத்தில் என்றால் புகார் கொடுத்ததும் டெக்னீஷியன் சீக்கிரம் வந்துவிடலாம். தருமபுரி மாவட்டம், அரூர் அருகே உள்ள சித்தேரி போன்ற மலைக்கிராமங்களுக்கு ஆள் மலையேறித்தான் வர வேண்டும். கல்லூரி விண்ணப்பத்துக்கு நாளைதான் கடைசி நாள் என்றால் அதுவரை காத்திருக்க முடியாது. அதனால் பழுது வீட்டுக்குள்ளா, வெளியே லைனிலா என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

அந்தக் கோடுகளுக்கு என்ன அர்த்தம்?

போனுக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள தொடர்பை மட்டுமே வைஃபை கோடுகள் காட்டும். ரவுட்டருக்கு இன்டர்நெட் வருகிறதா என்பது வேறு விஷயம். லைன் அறுந்து கிடந்தாலும் கோடுகள் முழுசாகவே இருக்கும்.

ரவுட்டர் லைட் சொல்லும் சேதி

ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் முதலில் பாக்ஸில் உள்ள லைட்டுகளைப் பாருங்கள்.

* 'எல்ஓஎஸ்' லைட் சிவப்பாக எரிந்தாலோ, விட்டு விட்டு மின்னினாலோ கேபிள் வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். கேபிள் எங்காவது மடங்கியிருக்கலாம், பின் லூசாகியிருக்கலாம், வெளியே அறுந்திருக்கலாம். இதற்கு ரவுட்டர் செட்டிங்ஸில் தீர்வு இல்லை.
* 'பான்' லைட் அசையாமல் பச்சையாக எரிந்தால் லைன் வந்துவிட்டது. 'இன்டர்நெட்' லைட் மட்டும் எரியவில்லை என்றால் லாகின் விவரம், பிளான் முடிந்துவிட்டதா என்பதைப் பாருங்கள்.
* எந்த லைட்டும் எரியவில்லையா? அடாப்டரையும் பிளக்கையும் மாற்றிப் பாருங்கள்.

ஃபைபர் முனையைக் கழற்றி கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பாதிக்கும்.

லைன் சரி, ஆனா ஸ்லோ?

ரவுட்டரை ஆஃப் செய்து, ஒரு நிமிடம் கழித்து ஆன் செய்யுங்கள். இன்னொரு போனிலும் பாருங்கள். ஒரே போனில் மட்டும் பிரச்னை என்றால், அந்த போனில் வைஃபை பெயரை 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டு மறுபடி பாஸ்வேர்டு போடுங்கள்.

இடமும் முக்கியம். இரும்பு பீரோ, தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அலையைத் தடுக்கும். ஃபைபர் ரவுட்டரை வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் குறையும். தூரத்து அறைக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ்தான் தாங்கும்.

அக்கம்பக்கம் நெருக்கமான அடுக்குமாடி வீடுகளில் 2.4-ல் சேனலை 1, 6, 11 என மாற்றினால் பலன் கிடைக்கும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் மலைக்கிராமத்தில் சேனல் பெரும்பாலும் காரணமாக இருக்காது.

சிம் ரவுட்டரா? விதியே வேற!

தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை ஃபைபரில் இணைக்கும் பாரத்நெட் பணியை டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது. ஆனால், ஊராட்சி வரை கேபிள் வருவதும், தள்ளியிருக்கும் குக்கிராமத்து வீட்டுக்குள் அது வருவதும் ஒன்றல்ல. அங்கெல்லாம் 4ஜி சிம் போட்ட ரவுட்டர்தான் கைகொடுக்கும்.

இதை வீட்டின் நடுவில் வைக்கக் கூடாது. டவர் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஜன்னலில் வையுங்கள். அதே கம்பெனி சிம் உள்ள ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு தெரியும். மைனஸ் 85 நல்லது, மைனஸ் 115 ரொம்ப பலவீனம். போனைப் பிடித்தபடி ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்.

ரீசெட் ஏன் கடைசி?

ரீசெட் செய்தால் வைஃபை பெயர், பாஸ்வேர்டு மட்டுமல்ல, சில இணைப்புகளில் கம்பெனி கொடுத்த யூசர்நேமும் அழிந்துவிடும். மறுபடி போடத் தெரியாவிட்டால் ஆள் வந்தே ஆக வேண்டும். அந்த விவரங்களை இப்போதே ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். செட்டிங்ஸ் பக்கத்தின் முகவரி, ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 என்றிருக்கும்.

இடி, மின்னல் நேரத்தில் அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள்.

புகார் கொடுக்கும்போது…

"நெட் வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எல்ஓஎஸ் சிவப்பா எரியுது, நேத்து சாயங்காலத்துல இருந்து" என்று சொல்லுங்கள். வருகிறவர் கேபிள் ஒட்டும் கருவியோடு வர வேண்டுமா, வேறு ரவுட்டரோடு வர வேண்டுமா என்பது அதில்தான் தெரியும். மலைக்கு ஒரே தடவையில் வேலை முடிய இதுதான் வழி. புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. தீர்வு கிடைக்கவில்லை என்றால், அந்த எண்ணோடு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.