குழலில் பொறித்த வரலாறு: பழைய வேட்டைத் துப்பாக்கிகளும் வாத்து வேட்டைக்கான தோட்டாத் தேர்வும்

முன்னுரை

பொறிப்புகளைப் படித்து வரலாறு எழுதும் மரபு நமக்குப் பழக்கமானது. கல்வெட்டு, செப்பேடு, நாணயம் ஆகியவற்றை அம்மரபு முதன்மைச் சான்றுகளாகக் கொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிரிட்டனில் செய்யப்பட்ட இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியும் அத்தகையதொரு சான்றுப்பொருளே ஆகும். நூறாண்டு கடந்த இத்துப்பாக்கிகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வாத்து வேட்டைக்கு இன்றும் எடுத்துச் செல்லப்படுகின்றன. அவற்றுக்கு எந்தத் தோட்டா பொருந்தும் என்னும் வினாவுக்கான விடை இரண்டு வரலாறுகளில் அடங்கியுள்ளது. ஒன்று குழலின் தாங்குதிறனைச் சோதித்த சட்டங்களின் வரலாறு. மற்றொன்று ஈயக் குண்டுகளை விலக்கிய சட்டங்களின் வரலாறு. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

குழலும் முத்திரையும்

இலண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637ஆம் ஆண்டு அரசுப் பட்டயம் பெற்றது. பர்மிங்காம் சோதனைக்கூடம் 1813ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின்வழி நிறுவப்பட்டது. வழக்கமான அளவைவிட மிகுதியான மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலில் மட்டும் முத்திரை குத்துவது இக்கூடங்களின் பணியாகும்.

அக்காலக் குழல்கள் பல ‘டமாஸ்கஸ்’ வகையைச் சேர்ந்தவை. இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி, உருளையொன்றின்மீது சுற்றி, காய்ச்சி அடித்து இணைத்துச் செய்யப்பட்டவை அவை. டமாஸ்கஸ் வாள்களோடு தொடர்புபடுத்தப்படும் தென்னிந்திய உருக்கு நம் ஆய்வாளர்கள் நன்கறிந்தது. ஆயினும் இக்குழல்கள் அவ்வுருக்கால் ஆனவை அல்ல. மேற்பரப்பில் தோன்றும் அலைவரிகளின் ஒப்புமையே பெயருக்குக் காரணம்.

இக்குழல்கள் கருமருந்துக் காலத்தில் உருவானவை. 1860களில் பிரஷ்ய அதிகாரி ஷூல்ட்ஸ் உருவாக்கிய மருந்தைத் தொடர்ந்து, புகை குறைந்த நைட்ரோ மருந்துகள் வேட்டையில் பரவின. புதிய மருந்தின் அழுத்தம் எழும் விதம் வேறாதலின், 1896ஆம் ஆண்டு விதிகள் நைட்ரோ மருந்துக்கெனத் தனிச் சோதனையை ஏற்படுத்தின. குழல் தாங்கும் குண்டுகளின் உச்ச எடையும் குழலிலேயே பொறிக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் எனக் குறிக்கப்பட்டது. டமாஸ்கஸ் குழல்களுள்ளும் நைட்ரோ சோதனையில் தேறியவை உண்டு. எனவே துப்பாக்கியின் வயதையோ தோற்றத்தையோ கொண்டு முடிவு செய்தல் பொருந்தாது. முத்திரையைப் படித்தே முடிவு செய்தல் வேண்டும். முத்திரைக்குப் பின் குழல் தேய்ந்தோ உட்புறம் கடையப்பட்டோ இருக்கலாம் என்பதால், சுவரின் கனத்தைத் துப்பாக்கி வினைஞர் ஒருவர் அளந்து உறுதிசெய்வதும் இன்றியமையாதது.

தோட்டா அறையின் நீளத்தில் ஒரு மயக்கம் உண்டு. பழைய பிரிட்டிஷ் 12 போர் துப்பாக்கிகளின் அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இக்காலத் தோட்டாக்களில் பல 70 மில்லிமீட்டர் நீளமுடையவை. அட்டையில் அச்சிடப்படும் இவ்வளவு, சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளமாகும். சுடாத தோட்டா மடிந்த வாயுடன் குறுகியிருப்பதால் பழைய அறையில் தடையின்றி நுழைந்துவிடும். சுடும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் உயரும். துப்பாக்கி ஏற்றுக்கொண்டது என்பதாலேயே தோட்டா பொருத்தமானது எனக் கொள்ளலாகாது.

ஈயமும் வாத்தும்

வாத்துகள் உணவை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் இயல்புடையவை. ஆழமற்ற நீரடியில் கிடக்கும் ஈயக் குண்டுகளைக் கற்களெனக் கருதி அவை விழுங்குகின்றன. அரைவைப்பையில் தேயும் ஈயம் குருதியில் கலந்து பறவையைக் கொல்கிறது. ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் 1894ஆம் ஆண்டிலேயே இதனை எழுதினார். ஃபிராங்க் பெல்ரோஸ் 1959ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுதோறும் 2 முதல் 3 விழுக்காடு ஈய நஞ்சால் இறப்பதாக மதிப்பிட்டது.

நீர்நிலையொன்றில் சேரக்கூடிய ஈயத்தின் அளவை உணர இந்திய எடுத்துக்காட்டு ஒன்று உதவும். 1938ஆம் ஆண்டு, வைஸ்ராய் லின்லித்கோ பங்கேற்ற பரத்பூர் வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. அங்கு நடந்த வேட்டைகளின் கணக்கு கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. 12 போர் தோட்டா ஒன்றில் 6ஆம் எண் குண்டுகள் ஏறத்தாழ 300 இருக்கும். பறவைக்கு ஒரு தோட்டா எனக் குறைத்துக் கணக்கிடினும், அவ்வகைத் தோட்டாவால் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் அன்று வெளியேறியிருக்கும். கல்வெட்டு வீழ்ந்த பறவைகளை எண்ணியது. நீரடியில் தங்கிய ஈயத்தை எவரும் எண்ணவில்லை.

அமெரிக்கா 1991ஆம் ஆண்டு நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுவதும் தடை செய்தது. இங்கிலாந்து 1999ஆம் ஆண்டு நீர்ப்பறவை வேட்டைக்குத் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலத் தடை 2023இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கத் தடையால் 1997ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மட்டும் ஏறத்தாழ 14 இலட்சம் வாத்துகள் பிழைத்தன என்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது.

மாற்றுக் குண்டுகள்

ஈயத்துக்கு முதல் மாற்றாக வந்த எஃகு மலிவானது, ஆனால் கடினமானது. ஈயம் குழல்முனைக் குறுக்கத்தில் நசுங்கி வழிவிடும், எஃகு வழிவிடாது. மென்மையான பழைய குழலின் முனை வளையம்போல் புடைத்துவிடக்கூடும். மேலும் ஈயத்தின் அடர்த்தி 11.3 ஆக, எஃகின் அடர்த்தி 7.8 மட்டுமே. எடை குறைந்த குண்டு விரைவில் வேகம் இழக்கும் என்பதால், எஃகில் இரண்டு எண் பெரிய குண்டைத் தேர்வது வழக்கம். அதாவது ஈயத்தில் 6ஆம் எண் எனில் எஃகில் 4ஆம் எண்.

பழைய குழல்களுக்கு விடையாக அமைந்தது 1990களில் பயன்பாட்டுக்கு வந்த பிஸ்மத் குண்டு. வெள்ளீயம் சிறிது கலந்த இவ்வுலோகத்தின் அடர்த்தி ஏறத்தாழ 9.6; மென்மையில் ஈயத்தை நெருங்குவது. டங்ஸ்டன் தூளைப் பிசினில் பிணைத்துச் செய்த மென்குண்டு அடர்த்தியிலும் ஈயத்துக்கு நெருக்கமானது. இரண்டும் விலை மிகுந்தவை. இவற்றிலும் அறையின் நீளத்துக்கேற்ற, குழலில் பொறித்த எடையையும் அழுத்தத்தையும் மீறாத தோட்டாவையே தேர்தல் வேண்டும். ஈயத்தைவிட எட்டும் தொலைவு குறையுமாதலின், பறவை அருகில் வரும்வரை காத்திருப்பதும் தேர்வின் ஒரு பகுதியே. தொலைவில் சுட்டால் பறவை காயத்துடன் தப்பி, பின்னர் வீணே மடியும்.

முடிவுரை

முத்திரைச் சட்டம் சுடுபவரைக் காத்தது. ஈயத் தடை பறவையைக் காத்தது. முன்னது எழுந்தபோது ஈயத்தைத் தவிர வேறு குண்டு கருதப்படவில்லை. பின்னது எழுந்தபோது பழைய குழல்கள் முதன்மைக் கவலையாக இல்லை. இரண்டையும் ஒருசேர நிறைவுசெய்யும் பொறுப்பு, அப்பொருளை இன்று கையில் ஏந்துபவரிடம் வந்து சேர்ந்துள்ளது. முத்திரையைப் படிக்கத் தெரியாதவருக்கு அத்துப்பாக்கி அழகிய பொருளாக இருக்கலாம். பாதுகாப்பான பொருளாக இராது. தொன்மைப் பொருளைப் பயன்படுத்துவதற்கும் அதன் பொறிப்பைப் படிக்கும் கல்வியே முதல் தகுதி என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.