தாயக்கட்டையிலிருந்து செல்போன் லூடோ வரை



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார். "சார், பையன் எந்நேரமும் கேம்லயே இருக்கான். காசு கட்டி ஆடுறதில்ல, ஃப்ரீ கேம்தான். அப்படியே விட்டுடலாமா?" அப்போது இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன். அது போதாது என்று பிறகு தோன்றியது. வரலாற்று வாத்தியார் வழக்கப்படி கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் என் கதை. உங்கள் கோலிகளைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டியவன் நான். 2020 ஊரடங்கில் மகன் என் செல்போனில் ஒரு லூடோ ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தான். "பொழுது போகும்பா" என்றான். பொழுதும் போனது, பாதி ராத்திரியும் போனது. போளூரில் இருக்கும் என் அக்கா தினமும் சாயங்காலம் போன் செய்வாள். பேச ஆரம்பித்தால் என் முறை போய்விடும் என்று கட் செய்வேன். அப்புறம் கூப்பிடலாம் என்று நினைப்பேன், கூப்பிட மாட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் பார்த்துவிட்டு அவள் போன் செய்வதையே நிறுத்திவிட்டாள். நிறுத்தியதை நான் கவனிக்க ஒரு மாதம் ஆனது. மாமா இறந்து அப்போதுதான் வருஷம் திரும்பியிருந்தது. அக்கா வீட்டில் தனியாக இருந்தாள்.

எனக்குத் தாயம் ஆடச் சொல்லிக்கொடுத்ததே அந்த அக்காதான். திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போடுவாள். பித்தளைக் கட்டை கிடைக்காத நாளில் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை போதும்.

லூடோவும் தாயத்துக்குச் சொந்தம்தான். நம் நாட்டுப் பச்சீசியிலிருந்து வந்த ஆட்டம் அது. ஃபதேபூர் சிக்ரியில் அக்பரின் அரண்மனை முற்றத்தில் பச்சீசிக் கட்டத்தைத் தரையிலேயே பெரிதாக அமைத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். ஆங்கிலேயர்கள் அதை எளிமையாக்கி 1896-இல் லூடோ என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார்கள். நம் பரமபதமும் ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்துக்குப் போய்ப் பாம்பும் ஏணியும் ஆனது. போன ஆட்டம்தான் இப்போது செல்போனில் ஏறித் திரும்பி வந்திருக்கிறது.

திரும்பி வரும்போது ஒன்றை மட்டும் தொலைத்துவிட்டு வந்தது. திண்ணைத் தாயத்துக்கு ஒரு முடிவு இருந்தது. ஆட நாலு பேர் வேண்டும். அதில் ஒருத்தியை அம்மா கூப்பிட்டால் ஆட்டம் கலைந்துவிடும். இருட்டினால் கட்டம் தெரியாது. "விளக்கு வெச்சாச்சு, கட்டைய எடுத்து வை" என்று பாட்டி குரல் கொடுப்பாள். பரமபதம் விடிய விடிய ஆடுவோம். அதுவும் வைகுண்ட ஏகாதசிக்கு, வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரி. எங்களுக்குக் கட்டுப்பாடு அதிகம் என்று நினைக்காதீர்கள். ஆட்டத்தை நிறுத்தச் சுற்றிலும் ஆள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

செல்போன் ஆட்டத்தில் நிறுத்த ஆள் இல்லை. கூப்பிட ஆள் இருக்கிறது! 2009 ஜூனில் ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் என்ற விவசாய விளையாட்டு வந்தது. அடுத்த ஆண்டுக்குள் மாதம் 8 கோடிப் பேருக்கு மேல் ஆடினார்கள். நம் மல்லாட்டை காய்த்து வர நூறு நாளுக்கு மேல் ஆகும். அங்கே ஸ்ட்ராபெரி நாலு மணி நேரத்தில் விளைந்துவிடும். ஆனால் நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் வாடிப்போகும். அந்தப் பயத்தில் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் போய் அறுத்தவர்கள் உண்டு. 2020 டிசம்பர் 31-ஆம் தேதி அந்த ஆட்டத்தை மூடினார்கள். விளைந்தது எதுவும் யார் களத்துக்கும் வரவில்லை.

2012-இல் வந்த கேண்டி க்ரஷ்ஷில் ஐந்து உயிர். தீர்ந்தால் ஓர் உயிருக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நண்பரிடம் கேட்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் காசு. இலவச விளையாட்டு பிழைப்பது இப்படித்தான். பெரும்பாலோர் ஒரு ரூபாயும் தருவதில்லை. அவர்கள் நேரத்தைத் தருகிறார்கள், அதை வைத்து விளம்பரம் ஓடுகிறது. பொறுமை இழந்த சிலர் காசும் தருகிறார்கள்.

சட்டம் என்ன செய்தது? தென்கொரியா 2011-இல் 16 வயதுக்குக் கீழுள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைனில் ஆடக் கூடாது என்றது. பத்தாண்டுகளுக்குப் பிறகு, குடும்பமே முடிவு செய்யட்டும் என்று அதை விலக்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியால் குடும்பங்கள் சீரழிந்தன, தற்கொலைகள் நடந்தன. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு அறிக்கை தந்தது. 2023 ஏப்ரலில் தடைச்சட்டம் வந்தது. அந்த நவம்பரில் ரம்மி, போக்கர் இரண்டுக்குமான தடை செல்லாது என்றது உயர் நீதிமன்றம். 2025-இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது என்று மாநில அரசு விதி கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்களை முற்றிலும் தடை செய்து சட்டம் இயற்றியது.

அதே மத்தியச் சட்டம் பணயம் இல்லாத ஆட்டங்களைச் சமூக விளையாட்டு என்று தனியே பிரித்து அனுமதிக்கிறது. அது சரிதான். நம் ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் தருமர் ராஜ்யத்தைத் தோற்றது பணயத்தால். திண்ணைத் தாயத்தில் யாரும் எதையும் தோற்கவில்லை. ஆனால் பணயம் இல்லாத ஆட்டத்துக்கு அரசாங்கம் விளக்கு வைக்காது. அதை வீட்டில்தான் வைக்க வேண்டும்.

அந்த மாணவருக்கு இப்போது பதில் சொல்கிறேன். எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் பார்க்காதே. விளையாட்டு நோய் என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியதற்கு மூன்று அடையாளம் உண்டு. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. சாதாரணமாக ஒரு வருஷம் அளவுக்கு இது நீடித்தால்தான் நோய் என்பார்கள், அப்போது மருத்துவரிடம் போக வேண்டும். உன் பையன் பந்தாடப் போகிறானா, சாப்பாட்டில் நாலு வார்த்தை பேசுகிறானா என்று பார். ஆட்டத்தின் நடுவில் போனைப் பிடுங்காதே. "இந்த ஆட்டம் முடிஞ்சதும் வை" என்று சொல். அவனோடு உட்கார்ந்து நீயும் ஒரு ஆட்டம் ஆடு.

நான் செய்துகொண்டதையும் சொல்கிறேன். ஆட்டத்தின் அறிவிப்புகளை அணைத்துவிட்டேன். அதில் வங்கிக் கணக்கு எதையும் இணைக்கவில்லை. ராத்திரி போன் கூடத்தில் தூங்கும், நான் அறையில் தூங்குவேன். முன்பின் தெரியாதவர்களோடு ஆடுவதில்லை.

லூடோவை நான் அழிக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் முதல் வேலையாகப் போளூருக்குப் பஸ் ஏறினேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை, காபி கொடுத்தாள். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கே, அந்த ஆட்டத்தைக் காட்டு" என்றாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் செல்போனில் ஆடுகிறோம், வீட்டு போனில் பேசிக்கொண்டே. இரண்டு ஆட்டம் ஆனதும், "போதும்டா, விளக்கு வைக்கணும்" என்று வைத்துவிடுவாள். பெரும்பாலும் அவள்தான் ஜெயிக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
சந்தவாசல்.