சட்டத்தில் ‘திருத்தம்’ என்னும் சொல்

விடைத்தாளைத் திருத்துகிறோம். அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புத் திருத்துகிறோம். மேடும் பள்ளமுமாய்க் கிடந்த நிலத்தைத் திருத்திக் கழனியாக்கினார்கள் நம் முன்னோர். இந்த மூன்று இடங்களிலும் பொருள் முன்னரே இருக்கிறது. அதன்மேல்தான் வேலை நடக்கிறது. ‘திருந்து’ என்பதன் பிறவினையாகிய ‘திருத்து’ என்பதிலிருந்து வந்த ‘திருத்தம்’, சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் புழங்கும்போது இரண்டு எண்ணங்களை உடன் அழைத்து வருகிறது. மூலம் நிலைத்திருக்கிறது என்பது ஒன்று. முன்னைவிட நன்றாகிறது என்பது மற்றொன்று. முதல் எண்ணத்தைச் சட்டம் ஏற்கும். இரண்டாவதற்கு அது பொறுப்பேற்பதில்லை.

புதிதாக ஒன்றைக் கொண்டுவருவது சட்டம் இயற்றுதல். முழுச் சட்டத்தையும் விலக்கிவிடுவது நீக்கறவு. இருக்கும் சட்டத்தில் சில சொற்களை எடுத்து வேறு சொற்களை அமைப்பதும், ஒரு பிரிவைப் புதிதாகச் செருகுவதும், ஒன்றை விட்டுவிடுவதும் திருத்தத்தின் வேலைகள். திருத்தச் சட்டத்தை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் ஒன்றும் விளங்காது. இன்ன பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள் என்று மட்டுமே அதில் இருக்கும். மூலத்தில் கொண்டுபோய்ப் பொருத்திய பிறகே அது பேசத் தொடங்கும். அதனால்தான் அலுவலகங்களில் திருத்தச் சீட்டுகளைக் கத்தரித்து, விதிநூலின் உரிய பக்கத்தில் பசை தடவி ஒட்டிவைக்கும் வழக்கம் இருந்தது. ஒட்டாமல் விட்ட ஒரு சீட்டு, செத்துப்போன விதியை உயிரோடு காட்டிவிடும்.

தமிழ்நாட்டின் வாழ்க்கையைத் தொட்ட ஒரு திருத்தத்தைச் சற்று நின்று பார்க்கலாம். புரோகிதரும் சடங்கும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி மணந்து, பிள்ளை பெற்று, பத்திருபது ஆண்டுகள் குடும்பம் நடத்திய பெண்களின் நிலை என்ன ஆகும்? அண்ணா முதலமைச்சரான 1967ஆம் ஆண்டிலேயே விடை வந்தது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தை அவர் அரசு தூக்கி எறியவில்லை. அது மைய அரசின் சட்டம், எறியவும் முடியாது. ஏழாம் பிரிவுக்கும் எட்டாம் பிரிவுக்கும் இடையே 7-அ என்று ஒரு பிரிவைச் செருகி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. எட்டு எட்டாகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ‘அ’. எண்களை மாற்றினால் பழைய தீர்ப்புகள் அத்தனையும் இடம் தெரியாமல் தவிக்கும்.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகத் தமக்குப் புரிந்த மொழியில் சொல்லலாம், அல்லது மாலை மாற்றலாம், இல்லையேல் மோதிரம் அணிவிக்கலாம், அல்லது தாலி கட்டலாம். அந்த ‘அல்லது’ பெரியாரின் யோசனையால் வந்தது என்று திராவிட இயக்கத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவ்விடத்தில் ‘மற்றும்’ என்று இருந்திருந்தால் தாலி கட்டாயமாகியிருக்கும். முன்பே நடந்த மணங்களும் நடந்த நாள்முதல் செல்லும் என்று அதே பிரிவு அறிவித்தது. எனக்கு இதில் நெஞ்சை நிறைக்கும் இன்னொன்றும் உண்டு. அந்தப் பிரிவின் ஆங்கில மூலத்திலேயே ‘சுயமரியாதை’, ‘சீர்திருத்த’ என்னும் நம் சொற்கள் அப்படியே அமர்ந்திருக்கின்றன. திருத்தச் சட்டத்தின் உள்ளேயே ‘திருத்தம்’ என்ற சொல்!

கடலுக்கு அப்பால் இன்னொரு சிறு சொல். இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 18ஆவது உறுப்புரை சிங்களத்தை அரசகரும மொழி என்றது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் அந்த வாசகத்தைத் தொடாமல், அதன் கீழே தமிழும் ஓர் அரசகரும மொழி என்று இன்னொரு வாசகத்தைச் சேர்த்தது. தமிழுக்குக் கிடைத்தது அந்த ‘உம்’. மூலத்தை விட்டுவைத்துச் சேர்ப்பது திருத்தத்தின் இயல்புதான். ஆனாலும் இரண்டு மொழிகளையும் ஒரே வாசகத்தில் அருகருகே எழுதியிருக்க முடியும் என்பதை மறப்பதற்கில்லை. சேர்த்த இடமும் ஒரு கருத்தைச் சொல்கிறது.

திருத்தம் எதுவரை திருத்தம், எப்போது அழிப்பு? இந்தியாவில் இந்தக் கேள்வி, அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்தைச் சொல்லும் அதன் 368ஆம் உறுப்பைச் சுற்றியே வளர்ந்தது. 1971இன் இருபத்து நான்காம் திருத்தம், சேர்த்தல், வேறுபடுத்தல், நீக்கறவு செய்தல் ஆகிய மூன்றும் திருத்தமே என்று அந்த உறுப்பிலேயே எழுதிவைத்தது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பதின்மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், நாடாளுமன்றம் எந்த உறுப்பையும் திருத்தலாம், ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க இயலாது என்றது. மூலம் நிலைக்க வேண்டும் என்று நம் சொல் தன் வேரிலேயே வைத்திருக்கும் பொருளுக்கு மிக அருகில் வந்து நின்ற தீர்ப்பு அது.

‘நன்றாகிறது’ என்ற இரண்டாவது எண்ணம்தான் ஏமாற்றிவிடுகிறது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், நாற்பத்திரண்டாம் திருத்தம் கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப்பட்டியலில் வைத்தது. அதற்கும் பெயர் திருத்தம். அது செய்த பலவற்றை 1978இல் நாற்பத்து நான்காம் திருத்தம் மாற்றியது. அதற்கும் அதே பெயர்தான். ஆனால் கல்வியும் காடுகளும் மாநிலப் பட்டியலுக்குத் திரும்பி வரவில்லை. எனவே பெயரைக் கேட்டதும் தலையாட்டாமல், பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் அருகருகே வைத்துப் படிக்கும் பழக்கம் நம்மிடம் வர வேண்டும். நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் திருத்த மசோதாவின் பின்னிணைப்பில், திருத்தப்படும் மூலப் பிரிவுகள் அச்சாகியே வருகின்றன. நம் நாளிதழ்கள் அதைத் தமிழில் அரைப்பக்கம் வெளியிட்டால் போதும். மீதியை வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.