பெட்டி பூட்டிய மோட்டார்

ஒரு பொருளின் வடிவை வகுப்பவர் அதைச் செய்பவரா, பயன்படுத்துபவரா? சிறு சரக்கு மோட்டாரின் வரலாறு இக்கேள்விக்குச் சுவையானதொரு விடை கூறுகிறது.

1908-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹென்றி போர்டு தமது 'டி மாடல்' மோட்டாரை வெளியிட்டார். இருபது குதிரைத் திறன் உடையது. குண்டும் குழியுமான மண் சாலையிலும் செல்லத்தக்க உயரமான அடிச்சட்டம் கொண்டது. 850 டாலராக இருந்த அதன் விலை, 1913-இல் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் நகரும் பட்டையின்மீது வண்டிகளை இணைக்கும் முறை வந்தபின் படிப்படியாக இறங்கியது. நகரத்துச் செல்வரின் ஊர்தி குடியானவரின் வாயிலுக்கும் வந்து சேர்ந்தது.

வந்த வண்டியை அவர் வந்தபடியே விட்டுவைக்கவில்லை. அது ஆட்கள் ஏறிச் செல்வதற்கென்று அமைந்தது. அவருக்கோ தானிய மூட்டையும் பாற்கலங்களும் சந்தைக்குச் சென்றாக வேண்டும். ஆகவே பின்புறத்தைக் கழற்றிவிட்டு, மரப்பெட்டி ஒன்றைப் பொருத்திக் கொண்டார். அவ்வளவோடும் நிற்கவில்லை. பின்சக்கரம் ஒன்றைத் தரையினின்று உயர்த்தி நிறுத்தினால், மற்றது அசையாதிருக்க, உயர்த்திய சக்கரம் இருமடங்கு விரைவாகச் சுழலும். அதில் வாரைப் பூட்டி விறகு அறுத்தார், நீர் இறைத்தார். 1930-களின் நடுவிலும் அந்நாட்டுப் பண்ணைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் கிட்டியிருந்தது என்பதை எண்ணினால், இம்முயற்சி விளையாட்டன்று, தேவையே என்பது விளங்கும்.

தொழிற்சாலை இதனை உணரச் சிறிது காலம் ஆயிற்று. 1917-இல் ஒரு டன் சுமை தாங்கும் 'டிடி' அடிச்சட்டம் வெளிவந்தது. அதன்மேல் உடலமைப்பதை வாங்கியவரே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1925-இல்தான் எஃகுப் பெட்டியும், திறந்து மூடும் பின்கதவும், வலுவான பின்வில்லும் கொண்ட சிறு வண்டி 281 டாலர் விலையில் ஆலையிலிருந்தே வந்தது. ஏறத்தாழ 34,000 வண்டிகள் செய்யப்பட்டன. கிராமத்துப் பட்டறை முன்னரே கண்டதைத் தொழிற்சாலை பின்னர் ஏற்றுக்கொண்டது.

ஆயினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. பெட்டி வைத்த வண்டியில் குடும்பத்தார் வசதியாக அமர்ந்து செல்ல இயலவில்லை. 1932-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக் குடியானவர் ஒருவரின் மனைவி, ஞாயிறன்று தேவாலயத்துக்குச் செல்லவும் திங்களன்று பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஏற்ற ஒரே வண்டியைக் கேட்டு போர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார் என்பர். அந்நிறுவனத்தின் இளம் வடிவமைப்பாளர் லூ பாண்ட், முன்புறம் காரும் பின்புறம் பெட்டியுமாக ஒரே உடலில் வரைந்தளித்தார். அவ்வண்டி 1934-இல் கீலாங் நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதுவே 'யூட்' எனப்படுவது.

இன்று பிக்கப் வண்டி வாங்குவோர் தத்தம் தொழிலுக்கேற்பக் கம்பிச் சட்டமும் கூரையும் அமைத்துக் கொள்வதைக் காண்கிறோம். இது புதுவழக்கமன்று. இவ்வண்டி பிறந்ததே அவ்வாறுதான். ஆலை தந்தது இயந்திரம்; அதன் முதுகில் பெட்டியை ஏற்றியது உழவரின் தேவை.